அமைதி என்றொரு சொல்

தமிழில் 'அமைதி' என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நூலகச் சுவரில் தொங்கும் பலகையில் அது பேசாதிருத்தலைக் குறிக்கிறது. போர் ஓய்ந்த நாட்டைப் பற்றிச் செய்தி வாசிக்கும்போது அதே சொல் பகை நீங்கிய நிலையைக் குறிக்கிறது. 'சமாதானம்' இன்னும் சிக்கலானது. சண்டையிட்ட இருவர் மீண்டும் கூடுவதும் சமாதானம், அழுகிற குழந்தையைத் தேற்றுவதும் சமாதானம், தவறு செய்தவர் அடுக்கும் சாக்குப்போக்கும் சமாதானம். 'சும்மா சமாதானம் சொல்லாதே' என்று நாம் கடிந்துகொள்வது இந்த மூன்றாவதைத்தான். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு இது நெடுங்காலம் அகராதிச் செய்தியாக மட்டுமே இருந்தது. இச்சொற்களுக்குள் ஒரு வாழ்க்கைச் சிக்கலே ஒளிந்திருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது, நான் பிறந்து வளராத, நூல்களின் வழியாக மட்டுமே அறிந்த ஒரு கிறித்தவச் சமூகத்தின் வரலாறு. மென்னோனைட்டுகள் என்று அழைக்கப்படும் அவர்களைப் பற்றிச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவ்வாசிப்பு என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதை எழுதிப் பார்க்கும் முயற்சி இது.

துறையில் என் மேசைக் கண்ணாடியின் அடியில் ஒரு செப்புத்தகட்டு ஓவியத்தின் நகல் இருக்கிறது. டச்சு ஓவியர் யான் லாய்க்கன் 1685ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றுக்காக வரைந்தது. உறைந்த நீர்ப்பரப்பு உடைந்து ஒருவன் உள்ளே அமிழ்ந்துகொண்டிருக்கிறான். கரையோரப் பனிமீது குனிந்து நிற்கும் இன்னொருவன் அவனை நோக்கி இரு கைகளையும் நீட்டுகிறான். ஐயம் கேட்க வரும் மாணவர்கள் சிலர் "இது யாருங்க மேடம்?" என்பார்கள். சொல்வேன். நீட்டிய கைகளுக்குரியவர் டிர்க் வில்லெம்ஸ். நெதர்லாந்தின் ஆஸ்பெரன் என்னும் ஊரினர். தம் வீட்டில் மறுமுழுக்கு நடத்த இடம் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றங்களுள் ஒன்று. சிறையிலிருந்து துணிகளை முடிச்சிட்டுக் கயிறாக்கி இறங்கித் தப்பினார். சிறையுணவால் மெலிந்திருந்த அவரை மெல்லிய பனி தாங்கியது. துரத்தி வந்த காவலாளைத் தாங்கவில்லை. டிர்க் திரும்பி வந்து அவனைக் காப்பாற்றினார். காப்பாற்றப்பட்டவனோ அவரை விட்டுவிடவே விரும்பினான். ஆனால் கரையில் நின்ற நகரத் தலைவர், நீ எடுத்துக்கொண்ட சத்தியப் பிரமாணத்தை எண்ணிப் பார் என்று அதட்டினார். டிர்க் மீண்டும் பிடிபட்டு 1569ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் எரிக்கப்பட்டார். அன்று வீசிய காற்று தீயை அவரது மேலுடலிலிருந்து விலக்கிக்கொண்டே இருந்ததால் சாவு மிகத் தாமதமாகவே வந்தது.

புறத்திணை நடத்தும் ஆசிரியைக்கு இந்தக் கதை ஏற்படுத்தும் தடுமாற்றத்தைச் சொல்லத்தான் வேண்டும். நிரை கவர்வதற்கு ஒரு பூ, மீட்பதற்கு ஒரு பூ, மதிலை வளைப்பதற்கு ஒரு பூ, வெற்றிக்கு ஒரு பூ என்று போரின் ஒவ்வொரு படிக்கும் மலர் சூட்டிய மரபு நம்முடையது. திரும்பி ஓடியவனுக்கு அதில் பூ இல்லை. பகைவனைக் காப்பதற்காகத் திரும்பி ஓடியவனை எந்தத் துறையில் வைப்பது?

இந்தச் சபையின் தொடக்கம் 1525ஆம் ஆண்டு ஜனவரி 21 அன்று சூரிக் நகரில் நிகழ்ந்தது. ஃபெலிக்ஸ் மான்ஸ் என்ற இளைஞரின் தாயார் வீட்டில் கூடிய சிலர், தாமாக முடிவெடுத்து ஒருவர்க்கொருவர் திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டார்கள். குழந்தையாக இருக்கும்போது பெற்ற முழுக்குச் செல்லாது, விவரம் அறிந்த ஒருவர் தாமே விரும்பி ஏற்பதே விசுவாசம் என்பது அவர்கள் நிலை. இன்று இது சடங்கு பற்றிய சிறு வழக்காகத் தோன்றலாம். குழந்தைக்குத் தரும் முழுக்கே அக்குழந்தையை ஊராட்சியின் ஏட்டிலும் சபையின் ஏட்டிலும் ஒருசேரப் பதிந்த காலம் அது. அதை மறுப்பது அரசும் சபையும் ஒன்றே என்ற ஏற்பாட்டை மறுப்பதாகும். இரண்டே ஆண்டுகளில், 1527 ஜனவரி 5 அன்று, மான்ஸ் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். தீர்ப்பளித்தது கத்தோலிக்க அரசன்று, சீர்திருத்தம் கண்ட சூரிக் நகர அவை. அடுத்த நூறாண்டுகளில் இவ்வியக்கத்தவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

மான்ஸ் இறந்த அடுத்த மாதமே ஷ்லைட்ஹைம் என்னும் சிற்றூரில் இவ்வியக்கத்தினர் கூடி ஏழு பிரிவுகள் கொண்ட ஓர் அறிக்கையை வகுத்தார்கள். திருமுழுக்கு, தவறியவரைத் திருத்தும் முறை, அப்பம் பிட்குதல், உலக வழிகளிலிருந்து விலகியிருத்தல், மேய்ப்பர் பணி, வாள், ஆணையிடுதல் என்பவை அந்த ஏழு. வாளை ஏந்துவதில்லை, எவர் முன்னும் சத்தியம் செய்வதில்லை என்பன கடைசி இரண்டு. டிர்க்கின் கதையை இந்த ஏழாம் பிரிவோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் அதன் முழுக் கசப்பும் தெரிகிறது. பனிநீரிலிருந்து எழுந்த காவலாளிடம் இரக்கம் இருந்தது. ஆணை அவன் நாவில் இருந்தது. முன்னரே கொடுத்துவிட்ட வாக்கு, அந்தக் கணத்தில் அவன் மனம் சொன்னதைச் செய்ய விடவில்லை. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும் இவர்களது வழக்கத்துக்கு வேதாகமம் தரும் காரணம் வேறு. ஆயினும் நாளைக்குரிய மனசாட்சியை இன்றே எவரிடமும் அடகு வைக்காத பழக்கமாகவும் அதைக் காண்கிறேன்.

அறிக்கையை எழுதியவராகக் கருதப்படும் மிகையேல் சாட்லர் முன்பு பெனடிக்டு சபைத் துறவி, ஒரு மடத்தில் பொறுப்பு வகித்தவர். மடத்தை விட்டு வெளியேறி மார்கரெத்தா என்ற பெண்ணை மணந்தார். திருக்குறளில் பொறையுடைமை இல்லறவியலில் இருக்கிறது, இன்னாசெய்யாமையோ துறவறவியலில் இருக்கிறது. அடித்தவரைத் திருப்பி அடிக்காதிருப்பது குடும்பத்தானாலும் முடியும், எவ்வுயிர்க்கும் எந்நிலையிலும் தீங்கு செய்யாதிருப்பது துறவிக்கே உரியது என்று அந்த வைப்புமுறைக்குப் பொருள் கொள்வோர் உண்டு. சாட்லர் செய்தது, மடத்துச் சுவருக்குள் இருந்த அறத்தை எடுத்து வந்து நெசவாளர், உழவர், பிள்ளை பெற்ற பெண்கள் ஆகியோரின் வீட்டில் வைத்ததுதான். துருக்கியர் படையெடுத்து வந்தாலும் எதிர்த்து வாளேந்தக் கூடாது என்று அவர் விசாரணையில் சொன்னார். துருக்கியரின் படைகள் ஹங்கேரியை வென்று ஓராண்டுகூட ஆகாத 1527ஆம் ஆண்டில் அது எவ்வளவு பெரிய துரோகமாகக் கேட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். முதலில் அவருடைய நாக்கை வெட்டினார்கள், பிறகு எரித்தார்கள். சில நாள்களில் மார்கரெத்தா நெக்கார் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்.

நாக்கை வெட்டுவது தற்செயலன்று. தண்டனை பெறுவோர் கொலைக்களத்தில் பேசினால் கூட்டம் கேட்கும், சிலர் மனம் மாறும். எனவே பிற்காலத்தில் நாக்கைத் திருகாணியிட்டுப் பூட்டும் கருவி பயன்பட்டது. 1573 அக்டோபரில் ஆண்ட்வெர்ப் நகரில் மாய்க்கன் வென்ஸ் என்ற தாய் நாவில் அத்திருகாணியுடனேயே எரிக்கப்பட்டார். அவருடைய பதினைந்து வயது மகன் தன் சிறிய தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பலகைமீது ஏறி நின்று பார்த்தான். தாயை அழைத்து வந்தபோது மயங்கி விழுந்தான். கூட்டம் கலைந்த பின் சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான். இவற்றையெல்லாம் திலெமன் வான் பிராக்ட் 1660இல் 'தியாகிகளின் கண்ணாடி' என்ற பெருநூலாகத் தொகுத்தார். டிர்க்கின் ஓவியம் அந்நூலின் 1685ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. பல மென்னோனைட், ஆமிஷ் வீடுகளில் விவிலியத்துக்கு அடுத்த இடம் அந்நூலுக்கு. அமைதி வழியினர் என்று பெயரெடுத்த ஒரு சமூகத்தின் குடும்ப நூல், பேசியதற்காக நாவிழந்தவர்களின் கதை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது விளங்கும்.

இவர்களுக்குள்ளேயே வாளெடுத்தவர்களும் உண்டு. 1534இல் மியூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றி, இறைவனின் அரசு இங்கே வந்துவிட்டது என்று அறிவித்து ஆண்டவர்கள் அடுத்த ஆண்டே அழிந்தார்கள். அவர்களுடைய தலைவர்களின் உடல்களை வைத்துத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் அந்நகரத் தேவாலயக் கோபுரத்தில் இன்றும் உள்ளன. அந்த இரத்தத்தைக் கண்டபின், 1536இல் கத்தோலிக்கக் குருப் பணியை விட்டு வந்த மென்னோ சீமோன்ஸ், சிதறிக் கிடந்த அமைதி வழியினரைத் திரட்டினார். அவர் பெயராலேயே இச்சபை வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் ஒரு சோதனை வந்தது. உக்ரைன் பகுதியில் குடியேறிச் செழித்திருந்த மென்னோனைட்டுகளுள் சிலர், ரஷ்ய உள்நாட்டுப் போரின் கொள்ளைகளுக்கு அஞ்சி 1918இல் தற்காப்புப் படை அமைத்துத் துப்பாக்கி ஏந்தினார்கள். தம் வரலாற்றை எழுதும்போது மென்னோனைட் ஆசிரியர்கள் இதை மறைப்பதில்லை. நெருக்கடி வரும்போது கொள்கை தானாக நிற்காது என்பதை அவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் அதை நிற்க வைப்பது எது? அன்றாடப் பழக்கம் என்பதே நான் வாசித்தவற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் விடை. பல சபைகளில் ஆண்டுக்கு ஓரிரு முறை ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறார்கள். நேற்று வரப்புத் தகராறு செய்தவன் காலாகவும் அது இருக்கலாம். ஒருவன் களஞ்சியம் எரிந்துபோனால் ஊரே கூடிக் கட்டிக் கொடுக்கிறது. 1693இல் இச்சமூகத்திலிருந்து பிரிந்த ஆமிஷ் மக்கள் இப்பழக்கங்களை இன்னும் இறுக்கமாகக் கடைப்பிடிப்பவர்கள். 2006ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரில், அவர்களுடைய ஓரறைப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐவர் இறந்தனர். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அன்று மாலையே ஆமிஷ் பெரியவர்கள் சிலர் அவன் மனைவியையும் பெற்றோரையும் தேடிச் சென்று, உங்கள்மீது எங்களுக்குப் பகையில்லை என்றார்கள். மகள்களை அடக்கம் செய்த பெற்றோர் சிலர் அவனது அடக்கத்துக்கும் சென்று நின்றார்கள். அந்தப் பள்ளிக் கட்டடம் பத்து நாள்களில் இடிக்கப்பட்டுப் புல்வெளியாயிற்று. மறு ஆண்டு ஏப்ரலில் 'புதிய நம்பிக்கை' என்ற பெயரில் வேறு பள்ளி எழுந்தது. அவர்களை ஆராய்ந்த அறிஞர்கள், மன்னிப்பது என்ற முடிவை ஆமிஷ் மக்கள் அன்று புதிதாக எடுக்கவில்லை, நாள்தோறும் சொல்லும் செபத்தின் வழியே அது முன்னரே எடுக்கப்பட்டிருந்தது என்கிறார்கள். டிர்க் வில்லெம்ஸ் பனிமீது நின்று யோசித்திருக்க முடியாது. கால்கள் திரும்பின.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு, படையில் சேர மறுத்த சுமார் 12,000 பேரைப் பொதுப்பணி முகாம்களுக்கு அனுப்பியது. மென்னோனைட், குவேக்கர், பிரதரன் ஆகிய மூன்று அமைதிச் சபைகள் அம்முகாம்களை நடத்தின. ஏறத்தாழ 3,000 பேர் மனநோய் மருத்துவமனைகளில் உதவியாளர்களாக வேலை பார்த்தார்கள். நோயாளிகள் ஆடையின்றிக் கிடந்ததையும், அடிக்கப்பட்டதையும், ஒருவரே நூறு பேரைப் பார்த்துக்கொள்ள நேர்ந்ததையும் கண்டார்கள். அடிக்கு அடி என்று இறங்காத இவர்கள், கண்டதை எழுதத் தொடங்கினார்கள். நாடெங்குமிருந்து திரட்டப்பட்ட அவர்களது குறிப்புகளைக் கொண்டு 1946 மே மாதம் 'லைஃப்' இதழ் படங்களுடன் வெளியிட்ட கட்டுரை அமெரிக்காவை உலுக்கியது. போர் முடிந்தபின் மென்னோனைட்டுகள் தாமே மனநல மருத்துவமனைகளைத் தொடங்கி நடத்தினார்கள். இங்கே அவர்களது அமைதி, வாய்மூடி இருப்பதற்கு நேர் எதிரானதாக இருந்தது.

இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்ற இரண்டும் அவர்களிடமே ஒருமுறை குழம்பிப் போயின. ஜான் ஹோவர்ட் யோடர் இருபதாம் நூற்றாண்டின் முதன்மையான மென்னோனைட் இறையியலாளர். 1972இல் வெளிவந்த 'இயேசுவின் அரசியல்' என்ற அவரது நூல், அகிம்சையைப் பற்றிச் சிந்திக்கும் கிறித்தவர் எவரும் தவிர்க்க முடியாதது. அதே காலத்தில் அவர் தம் மாணவியர், உடன் பணியாற்றியோர் எனப் பல பெண்களைப் பாலியல் முறையில் துன்புறுத்திக்கொண்டிருந்தார். அவர் கற்பித்த எல்க்கார்ட் இறையியல் கல்லூரியின் தலைமைக்கு எழுபதுகளிலேயே இது தெரிந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் கடிதங்களும் இரகசியக் குழுக்களும் நடந்தன. 1984இல் அவர் அங்கிருந்து விலகியபோதும் காரணம் வெளியே சொல்லப்படவில்லை. தவறு செய்தவரை முதலில் தனியே சந்தித்துப் பேசு என்பது மத்தேயு நற்செய்தியின் வழிகாட்டல். ஷ்லைட்ஹைம் அறிக்கையின் இரண்டாம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. யோடர் அதையே கேடயமாக்கினார். குற்றம் சாட்டும் பெண்கள் தம்மை நேரில் வந்து சந்திக்கட்டும் என்றார். சகோதரர் இருவர் வரப்புக்காகச் சண்டையிட்டால் அந்த வழி பொருத்தமானது. ஆசிரியர் கையில் மதிப்பெண்ணும் எதிர்காலமும் இருக்கும்போது அது வேறு வகைத் திருகாணி. 1992இல் பெண்கள் எண்மர் சேர்ந்து புகார் கொடுத்த பிறகே அவரது போதகர் தகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. 1997 இறுதியில் அவர் இறந்தார்.

இதை வாசித்தபோது நான் எங்கோ அயல்நாட்டு நூலை வாசிப்பதாக உணரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் பெண்கள் புகார்க் குழுவில் இருந்தேன். ஊரும் பெயரும் தேவையில்லை. ஆசிரியர் ஒருவரின் நடத்தை பற்றிப் புகார் சொன்ன மாணவியை உட்காரவைத்து, மூத்தவர் ஒருவர் மிகுந்த கனிவோடு சொன்னார்: "பாரும்மா, மன்னிச்சு விட்டுட்டா உனக்கும் அமைதி, காலேஜுக்கும் அமைதி." அவர் தீயவரல்லர். அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த இரு பொருளும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. அந்தப் பெண் சிறிது நேரம் தன் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "சார், மன்னிக்கிறதா வேண்டாமான்னு நான் அப்புறமா யோசிச்சுக்கிறேன். முதல்ல நடந்தது நடந்ததுன்னு எழுதுங்க." எழுதினோம். அதற்கு மேல் இங்கே சொல்வது முறையன்று. ஆனால் நிக்கல் மைன்ஸ் பெற்றோரையும் இந்தப் பெண்ணையும் எதிரெதிரே நிறுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே மன்னித்தவர்கள் இழந்தவர்கள். வேறொருவர் வந்து அவர்கள் சார்பில் மன்னிக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று அவர்களை நெருக்கவும் இல்லை. நடந்தது கொலை என்பதில் எவருக்கும் ஐயமும் இருக்கவில்லை. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் மன்னிப்பு என்று பேசுவது, தமிழில் நாம் சொல்லும் அந்த மூன்றாவது வகைச் 'சமாதானம்'தான்.

மென்னோனைட்டுகளும் இதைத் தாமதமாகவேனும் கண்டுகொண்டார்கள். யோடர் விவகாரத்தை ஆராய வரலாற்றாசிரியர் ரேச்சல் வால்ட்னர் கூசன் அவர்களிடம் ஆவணங்கள் திறந்துவிடப்பட்டன. 2015 தொடக்கத்தில் வெளியான அவரது ஆய்வு, பாதிக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களாக இருக்கலாம் என்று கணித்தது. நிறுவனம் எப்படி மறைத்தது என்பதையும் ஒளிவின்றிச் சொன்னது. அதை வெளியிட்டது மென்னோனைட்டுகளின் சொந்த ஆய்விதழே. அவ்வாண்டு மார்ச்சில் எல்க்கார்ட் கல்லூரி பெண்களிடம் தன் தவற்றை ஒப்புக்கொண்டு புலம்பல் வழிபாடு ஒன்றை நடத்தியது. முதல் புகார்களுக்கும் அதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு அவர்களே மன்னிப்புக் கேட்கப்படும் இடத்தில் இருந்தார்கள். லூத்தரன் சபையின் 1530ஆம் ஆண்டு விசுவாச அறிக்கை மறுமுழுக்காளரைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. அக்கண்டனத்தின் நிழலில் பலர் உயிரிழந்தார்கள். 2010 ஜூலை 22 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் உலக லூத்தரன் கூட்டமைப்பின் பேராளர்கள் இதற்காக மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வாக்கெடுப்பு கையுயர்த்தி நடக்கவில்லை. ஒப்புதல் உள்ளவர்கள் மண்டியிட்டார்கள் அல்லது பேசாமல் எழுந்து நின்றார்கள். அந்தப் பேசாமைக்கு முன் நிகழ்ந்ததுதான் முக்கியம். இரு சபைகளின் அறிஞர்களும் சில ஆண்டுகள் ஒன்றாக உட்கார்ந்து, யார் யாரைக் கொன்றார்கள், எந்த இறையியலாளர் என்ன எழுதினார் என்று கூட்டாக ஒரே வரலாற்றை எழுதி முடித்திருந்தார்கள். அப்போது மென்னோனைட் உலக மாநாட்டின் தலைவராக இருந்த ஜிம்பாப்வேயின் டானிசா இண்ட்லோவு அம்மன்னிப்பை ஏற்றார். லூத்தரன்களுக்கு மென்னோனைட்டுகள் கொடுத்த பரிசு கால் கழுவும் மரத் தொட்டி.

2025ஆம் ஆண்டு மே 29 அன்று, மான்ஸ் மூழ்கடிக்கப்பட்ட அதே சூரிக் நகரில், ஐந்நூறாம் ஆண்டு நினைவு வழிபாட்டுக்காக இவ்வியக்கத்தவர் உலகெங்குமிருந்து கூடினார்கள். இன்று அவர்களில் பெரும்பான்மையோர் ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இல்லை. எத்தியோப்பியாவிலும் காங்கோவிலும், நமக்கு அருகே தெலங்கானாவிலும் சத்தீஸ்கரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அடிப்படை நெறிகளை ஒரு தாளில் எழுதிவிடலாம்: வாளேந்தாதே, ஆணையிடாதே, விருப்பத்தோடு சேர், தவறினவனைத் திருத்து, ஒருவர் காலை ஒருவர் கழுவு. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்து எழுதும் உரிமையை அவர்கள் தம் ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் பெருவிலை கொடுத்தே பெற்றிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எவர் நாவிலும் திருகாணியைப் பூட்டாதே, அமைதியின் பெயராலும் பூட்டாதே.